வெயில் தந்த நிறமும் வீடு தந்த காயமும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வீதி வழியாகக் காலை வேளையில் பேருந்தில் செல்பவர்கள், வளைவுக்கு வளைவு ஒரே காட்சியைக் காண்பார்கள். இடையில் படங்கு கட்டி, தலையில் கொங்காணி போட்டு, முதுகில் கூடை சுமந்து, மலைச் சரிவில் வரிசையாக நிற்கும் பெண்கள். பனி விலகுவதற்கு முன்னரே பெரட்டுக்குப் போனவர்கள் அவர்கள். மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை அந்தச் சரிவில்தான் நிற்பார்கள். மழை வந்தால் மழை, வெயில் வந்தால் வெயில்.

அவர்களைத்தான் உலகம் படம் பிடிக்கிறது. பல தேயிலைப் பொதிகளிலும், சுற்றுலாச் சுவரொட்டிகளிலும், அஞ்சலட்டைகளிலும் நம் மலையகப் பெண்ணின் முகம் இருக்கிறது. லிப்டன் ஆசனத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவர்கள் தம்பேதன்னை மலையில் நின்று அவர்களோடு சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். உலகத்தின் கண்ணுக்கு அது அழகு.

ஆனால் அதே பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்துக்குத் திரும்பியதும், அவளுடைய நிறம் ஒரு குறையாகிவிடுகிறது. மகளுக்கு வரன் பார்க்கும்போது அது ஒரு தடையாகிவிடுகிறது. பேத்திக்குச் சொல்லும் எச்சரிக்கையாகிவிடுகிறது. ஏன் இப்படி? அன்புக்குரிய வாசகர்களே, இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்து, நேர்மையோடு சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

அன்பாகச் சொல்லும் சொல்

ஒரு வீட்டை மனக்கண் முன் கொண்டுவருவோம். அது எந்தத் தோட்டத்து வீடாகவும் இருக்கலாம். நகரத்து வீடாகவும் இருக்கலாம். பாடசாலை விட்டு வந்த பதினான்கு வயதுப் பிள்ளை முற்றத்தில் விளையாடுகிறாள். "வெயில்ல திரியாத புள்ள, கறுத்துப் போயிருவ. அப்புறம் எவன் கட்டுவான்?" என்கிறார் அப்பாயி. அவர் வெறுப்போடு சொல்லவில்லை. அவரைவிட அந்தப் பிள்ளையை நேசிப்பவர் வேறு யாரும் இல்லை. தம்பியோ சண்டை வந்தால் "கறுப்பி" என்கிறான். பெரியம்மா ஊரிலிருந்து வந்தால் முதலில் சொல்வது, "என்ன இப்படிக் கறுத்துப் போயிட்ட?" என்பதுதான்.

இவர்களில் யாரும் கொடியவர்கள் அல்லர். ஒரு நாளைக்கு ஒரு சொல். ஆண்டுக்கு எத்தனை சொற்கள்? திருமண வயதை எட்டும்போது அந்தப் பிள்ளை தன் முகத்தைத் தன் கண்ணால் பார்ப்பதில்லை. அந்தச் சொற்களால்தான் பார்க்கிறாள். கண்ணாடி முன் நிற்கும்போது அங்கே தெரிவது கடவுள் படைத்த முகம் அல்ல; ஊர் போட்ட மதிப்பெண்.

இன்னொரு சொல் உண்டு. அதை நாம் பாராட்டு என்றே நினைத்துச் சொல்கிறோம். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." எத்தனை திருமண வீடுகளில், எத்தனை திருமுழுக்கு விழாக்களில் இதைக் கேட்டிருக்கிறோம்! கேட்பவளுக்கு அதில் 'களை' என்ற சொல் காதில் விழுவதில்லை. 'இருந்தாலும்' என்ற சொல்தான் விழுகிறது. கறுப்பு ஒரு குற்றம், களை அதற்கு மன்னிப்பு என்பதே அந்த வாக்கியத்தின் பொருள்.

விவிலியத்தில் ஒரு தோட்டத்துப் பெண்

திருவிவிலியத்தில் 'இனிமைமிகு பாடல்' என்னும் நூலை நாம் அடிக்கடி வாசிப்பதில்லை. அதன் முதல் அதிகாரம், 5, 6 ஆம் வசனங்களில் ஓர் இளம்பெண் பேசுகிறாள். அவள் கருநிறத்தவள். எருசலேம் நகரத்துப் பெண்கள் அவளை உற்றுப் பார்க்கிறார்கள். தன் நிறத்துக்கான காரணத்தை அவள் அவர்களுக்குச் சொல்கிறாள். வெயில் தன்னைக் காய்ச்சிவிட்டது. தன் தாயின் பிள்ளைகளே தன்மீது சினம் கொண்டு தன்னைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் காவல் வைத்தார்கள். தனக்குச் சொந்தமான தோட்டத்தைப் பேண அவளால் இயலவில்லை.

இந்த வசனங்களைப் பூனாகலையில் வாசித்துப் பாருங்கள். விளக்கவுரை தேவைப்படாது. வேறொருவருக்குச் சொந்தமான தோட்டத்தில் நாள் முழுவதும் வெயிலில் நின்ற பெண். தன்னைக் கவனிக்க நேரமில்லாத பெண். அவளை அங்கே அனுப்பியது அவளுடைய சொந்தக் குடும்பம். இதற்கு மேல் நெருக்கமாக நம் மலையகத்துப் பெண்ணை எந்த நூல் பேசியிருக்கிறது?

அந்தப் பெண் தன் நிறத்தைச் சொல்லும் அதே மூச்சில் தன் அழகையும் சொல்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். எபிரேய மூலத்தில் இவ்விரண்டையும் இணைப்பது 'வாவ்' என்னும் ஒரேயோர் எழுத்துதான். இடத்துக்கு ஏற்ப அதை 'உம்' என்றும் கொள்ளலாம், 'ஆனாலும்' என்றும் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை 'உம்' என்றே கொண்டது. அதாவது, கறுப்பும் உண்டு, அழகும் உண்டு. பின்னர் வந்த இலத்தீன் மொழிபெயர்ப்பாகிய வுல்காத்தா 'ஆனாலும்' என்று கொண்டது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பா அந்த 'ஆனாலும்' என்ற சொல்லோடுதான் அந்தப் பெண்ணை வாசித்தது. அண்மைக்கால மொழிபெயர்ப்புகள் பல மீண்டும் 'உம்' என்ற பொருளுக்குத் திரும்பியிருக்கின்றன.

ஓர் எழுத்து எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது பாருங்கள்! 'ஆனாலும்' என்றால் நிறம் ஒரு குறை. 'உம்' என்றால் நிறமும் கொடை, அழகும் கொடை. நம் வீடுகளில் பேசப்படும் 'இருந்தாலும்' என்ற சொல் அந்தப் பழைய 'ஆனாலும்' என்பதன் தங்கைதான். திருச்சபைத் தந்தையர் இந்தப் பெண்ணைத் திருச்சபையின் உருவகமாகவே கண்டார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. கிறிஸ்துவின் மணமகளாகிய திருச்சபைக்கு அவர்கள் கண்ட சாயல், வெயிலில் கறுத்த ஒரு தோட்டக்காவல் பெண்ணின் சாயல்!

நிறம் ஏன் கறுக்கிறது?

தோலில் 'மெலனின்' என்னும் நிறப்பொருள் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் உடலின் உட்பகுதியைத் தாக்காதபடி தடுப்பதற்காக, வெயில் பட்ட இடத்தில் உடல் இந்த நிறப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஆகவே கறுப்பது என்பது தோல் பழுதடைவதன் அடையாளம் மட்டும் அல்ல; உடல் தன்னைக் காத்துக்கொள்ள விரிக்கும் குடையும் அதுவே.

மலைப்பிரதேசத்தில் குளிராக இருப்பதால் வெயிலின் தாக்கம் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒவ்வோர் 1000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்களின் செறிவு ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. மெல்லிய மேகம் அதை முழுமையாகத் தடுப்பதுமில்லை. எனவே மலையில் நாளெல்லாம் நிற்கும் ஒரு தாயின் முகம் கறுத்திருக்கிறது என்றால், அவள் தன்னைக் கவனிக்கவில்லை என்று பொருள் அல்ல. பிள்ளையின் பாடசாலைக் கொப்பிக்கும், அரிசிக்கும், கோயில் காணிக்கைக்கும் அந்த வெயிலில்தான் அவள் விலை கொடுத்தாள் என்று பொருள். அந்த உழைப்பில் உண்டு வளர்ந்தவர்கள் அந்த நிறத்தைக் கேலி செய்வது எந்த வகையில் நியாயம்?

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

வெள்ளை நிறமே உயர்ந்தது என்னும் எண்ணம் ஒரே நாளில் தோன்றியதல்ல. வெயிலில் உழைக்காதவன் வசதி படைத்தவன் என்னும் பழைய கணக்கும், ஆண்டவர்கள் வெள்ளையர்களாக இருந்த காலத்தின் நினைவும், திரைப்படக் கதாநாயகிகளின் முகங்களும், விளம்பரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இன்று ஒரு மலையாக நிற்கின்றன. 1975 ஆம் ஆண்டு இந்தியாவில் 'ஃபெயார் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண் வேலையில்லாமல், மணமாகாமல் வாடுவதும், களிம்பு பூசியதும் வாழ்வு மலர்வதும் இத்தகைய களிம்புகளின் விளம்பரக் கதையாக இருந்தன. நம் நாட்டு வீடுகளிலும் தொலைக்காட்சி வழியாக அந்தக் கதை நுழைந்தது.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. சென்னையில் கவிதா இம்மானுவேல் நிறுவிய 'விமன் ஒஃப் வேர்த்' என்னும் அமைப்பு 2009 இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2013 இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்தார். 2014 இல் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம், கறுத்த நிறமுடையவர்களை அழகற்றவர்களாகவோ, மகிழ்ச்சியற்றவர்களாகவோ, திருமணத்திலும் வேலையிலும் பின்தங்கியவர்களாகவோ காட்டக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2020 இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபெயார்' என்ற சொல்லே நீக்கப்பட்டு, 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றப்பட்டது.

ஒரு பெரிய நிறுவனமே தன் பெயரை மாற்றிக்கொண்டது. நம் வீட்டுப் பேச்சு மாறிவிட்டதா? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் 'மணமகள் தேவை' பகுதியை எடுத்துப் பாருங்கள். 'சிவந்த நிறமுடைய' என்னும் சொற்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அவற்றை எழுதி அனுப்புவது எந்தக் களிம்பு நிறுவனமும் அல்ல, நம்மைப் போன்ற பெற்றோர்தான். அவர்களுள் கத்தோலிக்கப் பெற்றோரும் உண்டு. நிறம் குறைந்தால் சீதனம் கூட வேண்டும் என்ற கொடுமையான கணக்கும் நம்மிடையே முற்றாக மறைந்துவிடவில்லை.

பிள்ளைகள் எப்போது கற்றுக்கொள்கிறார்கள்?

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் தம்பதியர், 1940களில் ஓர் ஆய்வு செய்தார்கள். மூன்று முதல் ஏழு வயது வரையான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் கொடுத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பான்மையான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். பின்னர், உன்னைப் போன்ற பொம்மை எது என்று கேட்டபோது, சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டு ஓடினார்கள். 1954 ஆம் ஆண்டு, பாடசாலைகளில் நிறவேறுபாட்டுக்கு எதிராக அமெரிக்க உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வும் எடுத்துக்காட்டப்பட்டது.

ஏழு வயதுக்குள்! முதல் நற்கருணை வாங்கும் வயதுக்கு முன்னரே ஒரு குழந்தை தன்னைப் பற்றிக் கெட்ட தீர்ப்பைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. ஆகவே "சின்னப் பிள்ளைதானே, சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம்" என்பது ஏற்கத்தக்க சமாதானம் அல்ல.

அளவுகோல்கள் எவ்வளவு விரைவாக இறக்குமதியாகின்றன என்பதற்கு ஃபிஜித் தீவு ஒரு சான்று. பருத்த உடலே நல்ல உடல் என்று போற்றிய சமூகம் அது. 1995 இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் அந்த ஆண்டும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998 இலும் பாடசாலை மாணவிகளிடம் விசாரித்தார். 1995 இல் உடல் மெலிவதற்காக உண்டதை வாந்தியெடுத்த மாணவி ஒருத்திகூட இருக்கவில்லை. 1998 இல் நூற்றுக்குப் பதினொருவர் அவ்வாறு செய்ததாகக் கூறினார்கள். மூன்றே ஆண்டுகளில் பாட்டிமாரின் அழகு பேத்திமாருக்கு அவமானமாகிவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே இவ்வளவு செய்தது என்றால், முகத்தை நொடியில் வெளுப்பாக்கிக் காட்டும் கைபேசி இன்று லயத்துக்கு லயம் என்ன செய்யும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியே தெரியாத காயம்

தோற்றத்தைப் பற்றிய கேலி மனத்தில் எப்படி வேலை செய்கிறது? முதலில், அந்தப் பெண் எந்நேரமும் தன்னை வெளியிலிருந்து பார்க்கத் தொடங்குகிறாள். பேசும்போதும், படிக்கும்போதும், ஆலயத்தில் பாடும்போதும், "நான் எப்படித் தெரிகிறேன்?" என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. படிப்புக்கும் செபத்துக்கும் உறவுக்கும் செல்ல வேண்டிய ஆற்றலை அந்தக் கேள்வி உறிஞ்சிவிடுகிறது. அடுத்து, அவள் ஒதுங்குகிறாள். குழுப் புகைப்படத்தில் பின்வரிசைக்குப் போகிறாள். திருவிழா நாடகத்தில் நடிக்கக் கேட்டால் மறுக்கிறாள். "எனக்கெல்லாம் எதற்கு?" என்பது அவளுடைய வாடிக்கையான சொல்லாகிவிடுகிறது. தாழ்வு மனப்பான்மை, பதற்றம், மனச்சோர்வு என்று படிப்படியாக அது இறங்கிச் செல்லலாம்.

பெண் பார்க்க வந்தவர்கள் தேநீர் அருந்திவிட்டு, "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்று போனபின், அந்த வீட்டில் நிலவும் மௌனத்தை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை, இருமுறை, ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் ஒரு பெண் முழுமையாக நிராகரிக்கப்படுகிறாள். அவளுடைய படிப்போ, பண்போ, பக்தியோ அங்கே நிறுக்கப்படவில்லை. மலையில் அவளுடைய கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்தார்கள்; வீட்டில் அவளையே நிறம் வைத்து நிறுத்தார்கள்.

உறக்கமின்மை, உண்ண மறுத்தல், காரணமின்றி அழுதல், யாரோடும் பேசாதிருத்தல், வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால், "பக்தி குறைந்துவிட்டது" என்று கடிந்துகொள்ளாதீர்கள். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்வதுபோல் இதற்கும் அழைத்துச் செல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மருந்தும் இறைவன் தந்த வழியே. செபமாலையும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

களிம்புக்குள் ஒளிந்திருக்கும் நஞ்சு

இந்த வேதனையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கடைக்கு வரும் களிம்புகள் சிலவற்றைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியுள்ளது. முகத்தை விரைவில் வெளுக்கச் செய்யும் சில களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது மெலனின் சுரப்பைத் தடுப்பதால் தோல் வெளுக்கிறது. ஆனால் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். தோலில் தழும்பும் நிறமாற்றமும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனம் இன்னொன்றையும் சொல்கிறது. பாதரசம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஏற்படுத்தக்கூடும். மனவேதனையைப் போக்க வாங்கிய களிம்பே மனவேதனையைத் தருகிறது என்றால், இதைவிடப் பெரிய ஏமாற்று வேறு என்ன இருக்க முடியும்? பூசுபவருக்கு மட்டுமன்றி, அதே அறையில் அந்த ஆவியைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து உண்டு.

1950களில் ஜப்பானின் மினமாட்டா நகரில் பாதரச நஞ்சு ஏற்படுத்திய பேரழிவின் நினைவாக, 'மினமாட்டா உடன்படிக்கை' 2013 இல் உருவாக்கப்பட்டது. நமது நாடும் அதில் ஒரு தரப்பு. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களை 2025 உடன் முற்றாக நிறுத்துவது என்று 2023 இல் அதன் உறுப்பு நாடுகள் தீர்மானித்தன. எனினும் சட்டம் எழுதப்பட்டதும் நஞ்சு மறைந்துவிடுவதில்லை. உள்ளடக்கமும் உற்பத்தியாளர் முகவரியும் குறிக்கப்படாத களிம்புகளை வாங்காதீர்கள். 'மெர்க்குரி', 'கலோமல்' என்ற சொற்கள் இருந்தால் விலக்குங்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பூசவும் என்ற குறிப்பு இருந்தால், அதுவும் பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். வைத்தியரின் ஆலோசனையின்றி ஸ்டீரொயிட் கலந்த களிம்புகளை முகத்தில் நெடுநாள் பூசுவதும் தோலை மெலியச் செய்யும்.

திருச்சபை பீடத்தில் ஏற்றிய முகங்கள்

சூடான் நாட்டில் ஏறத்தாழ 1869 இல் பிறந்த ஒரு சிறுமியை அடிமை வியாபாரிகள் கடத்திச் சென்றார்கள். அவள் பலமுறை விற்கப்பட்டாள். ஓர் எசமானியின் அலங்கார ஆசைக்காக அவளுடைய உடலில் கோலமிட்டு, கத்தியால் கீறி, காயங்களில் உப்பு தேய்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தழும்புகள் அவளுடைய உடலில் நிலைத்தன. அழகு என்பது பிறருடைய ஆசைக்காக ஒரு பெண்ணின் உடலில் எழுதப்படுவது என்ற கொடுமையை இதைவிடத் தெளிவாக யாரும் அனுபவித்திருக்க முடியாது.

பின்னர் இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், 1890 இல் வெனிஸ் நகரில் திருமுழுக்குப் பெற்று, கனோசியன் சபையில் கன்னியராகி, 1947 இல் இறைவனடி சேர்ந்தார். 2000 ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவரே புனித ஜோசப்பின் பக்கித்தா. ஸ்கியோ நகர மக்கள் அவரைக் 'கறுப்பு அன்னை' என்று பாசத்தோடு அழைத்தார்கள். அங்கே 'கறுப்பு' என்ற சொல்லோடு 'இருந்தாலும்' என்ற சொல் ஒட்டியிருக்கவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2007 இல் எழுதிய தமது சுற்றுமடலில், நம்பிக்கை என்றால் என்ன என்பதை விளக்க இவரையே எடுத்துக்காட்டினார். தன்னை அறிந்த, நேசித்த, தனக்காகக் காத்திருந்த ஓர் ஆண்டவர் உண்டு என்பதைக் கண்டுகொண்டதே அவருக்கு விடுதலையாயிற்று என்பது திருத்தந்தையின் விளக்கம்.

1531 இல் மெக்சிக்கோவில் குவாடலூப்பே அன்னை யுவான் தியேகோவுக்குக் காட்சி தந்தபோது, ஐரோப்பிய அரசியின் சாயலில் வரவில்லை. அந்த மண்ணின் மாநிறத்தோடு வந்தார். நாசரேத்தூரின் மரியாவும் கிராமத்துப் பெண்தான். நீர் சுமந்து, வெயிலில் நடந்து, மலைநாடு கடந்து எலிசபெத்தைக் காணச் சென்றவர்தான். எசாயா இறைவாக்கினர் 53 ஆம் அதிகாரத்தில் காட்டும் துன்புறும் ஊழியரிடமோ, பார்ப்பவர் விரும்பத்தக்க தோற்றமே இல்லை. திருச்சபை அவரில் கிறிஸ்துவைக் கண்டது. பெத்லகேமில் ஈசாயின் மூத்த மகனின் தோற்றத்தைக் கண்டு சாமுவேல் மயங்கியபோது, ஆண்டவர் அவரைத் திருத்தினார். மனிதர் முகத்தைப் பார்க்கிறார்கள், தாம் அகத்தைப் பார்க்கிறார் என்று உணர்த்தினார். இறைவாக்கினருக்கே கண் திருத்தம் தேவைப்பட்டது என்றால், நமக்குத் தேவைப்படாதா?

நாம் என்ன செய்யலாம்?

அழகுபடுத்திக்கொள்வது பாவமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. பூச்சூடுவதும், நல்ல சேலை உடுத்துவதும், முகத்தை வெயிலிலிருந்து காப்பதும் நன்றே. அதுபோல், வெளுத்த நிறத்தவரைக் கேலி செய்வதும் தீர்வல்ல. ஓர் அளவுகோலை எறிந்துவிட்டு இன்னோர் அளவுகோலை எடுப்பதில் பயனில்லை. நிறத்தை வைத்து மனிதரை நிறுக்கும் தராசையே இறக்கி வைக்க வேண்டும்.

பெற்றோரே, இன்று முதல் பிள்ளையின் நிறத்தைப் பற்றிய எந்தக் கேலியும் வீட்டில் இல்லை என்று தீர்மானியுங்கள். முக்கியமாக, தாய்மாரே, உங்கள் முகத்தைப் பற்றி நீங்களே இழிவாகப் பேசாதீர்கள். "நான் கறுத்துக் கிடக்கிறேன், என்னைப் படம் எடுக்காதே" என்று நீங்கள் சொல்வதைக் கேட்கும் மகள், அதே முகம்தான் தனக்கும் என்பதை அறிவாள். தந்தையரே, சகோதரரே, இனிமைமிகு பாடலில் அந்தப் பெண்ணின் நிறத்துக்குக் காரணமானவர்கள் அவளுடைய உடன்பிறந்தவர்களே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மகனுக்குப் பெண் தேடுவோர், விளம்பரத்தில் நிறத்தைக் குறிப்பிடாமல் விடலாம். அது ஒரு சொல்தான்; ஆனால் வாசிக்கும் ஆயிரம் பெண்களின் நெஞ்சில் ஒரு முள் குறையும். மறைக்கல்வி ஆசிரியர்கள், கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் அன்னை மரியாவின் வேடத்துக்கு எப்போதும் வகுப்பிலேயே வெளுத்த பிள்ளையைத் தெரிவு செய்கிறோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். அன்பியக் கூட்டங்களில் புனித பக்கித்தாவின் வாழ்வை வாசிக்கலாம். பெப்ரவரி 8 அவருடைய திருநாள்.

இன்னும் ஒன்று. இன்று மாலை கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு வரும்போது, அவருடைய முகத்தை ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள். வெயில் எழுதிய அந்த முகத்தில் உங்கள் பிள்ளைப் பருவம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. "அம்மா, நீங்க அழகு" என்று சொல்லுங்கள். 'இருந்தாலும்' என்று தொடங்காதீர்கள். 'ஆனாலும்' என்று முடிக்காதீர்கள். அவர் சிரித்துவிட்டு, "போடா, வேலையைப் பாரு" என்று சொல்லக்கூடும். பரவாயில்லை. பல ஆண்டுகளாக அவர் கேட்காத ஒரு சொல் அன்று அந்த வீட்டில் கேட்டிருக்கும்.

செபம்: உமது சாயலில் எங்களைப் படைத்த இறைவா, நீர் நல்லது என்று கண்டதை நாங்கள் குறை என்று சொன்ன நாட்களுக்காக எங்களை மன்னியும். எங்கள் வாயின் சொற்களால் காயப்பட்ட எங்கள் பெண்பிள்ளைகளைக் குணமாக்கும். வெயிலில் உழைக்கும் எங்கள் தாய்மாரின் முகங்களில் உமது முகத்தைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.